முதலாளி யார்? மேன்பவர் நிறுவனம் வளர்ந்த விதம்: ஒரு நிகழ்வு ஆய்வு

1993-ல் அமெரிக்கப் பத்திரிகைகளில் ஒரு கணக்கு அடிபட்டது. நாட்டிலேயே அதிகம் பேருக்குச் சம்பளம் போடும் தனியார் நிறுவனம் எது? ஜெனரல் மோட்டார்ஸ் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். அதையும் ஐபிஎம்மையும் தாண்டி முதலிடத்தில் இருந்தது மேன்பவர் என்ற தற்காலிகப் பணியாளர் நிறுவனம். எண்ணிக்கை 5,60,000. சொந்தமாக ஒரு தொழிற்சாலைகூட இல்லாத நிறுவனம் அது.

அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. வருடத்தில் இரண்டே நாள் வேலைக்குப் போய்ச் சம்பளம் வாங்கியவரும் அதில் ஒரு தலை. ஏதோ ஒரு நாள் காலையில் எத்தனை பேர் வேலையில் இருந்தார்கள் என்று எண்ணினால் தொகை வெகுவாகக் குறைந்துவிடும். கார் கம்பெனியின் நிரந்தரத் தொழிலாளர்களோடு இதை ஒப்பிடுவது சரியல்ல. ஆனாலும் சட்டப்படி அந்த 5,60,000 பேருக்கும் முதலாளி மேன்பவர்தான். மேசை காட்டி, வேலை சொல்லி, வேலை வாங்கியது வேறு நிறுவனங்கள். சம்பளம் ஓர் இடம், வேலை வேறோர் இடம் என்று முதலாளி என்ற ஒரு பாத்திரத்தை இரண்டாகப் பிரித்ததுதான் இந்தத் தொழிலின் அடித்தளம். மேன்பவரின் வரலாற்றை நான் படிக்கும்போதெல்லாம் அந்தப் பிரிவினையிடம்தான் திரும்பி வருகிறேன். அந்த நிறுவனத்தின் நல்ல முடிவுகளும் மோசமான நாட்களும் அதற்குள்ளேயே கிடக்கின்றன.

தரகரா, முதலாளியா?

தொடக்கம் 1948. விஸ்கான்சின் மாநிலத்தின் மில்வாக்கி நகரில் எல்மர் வின்டர், ஆரன் ஷைன்ஃபெல்ட் என்று இரண்டு வழக்கறிஞர்கள் சேர்ந்து தொழில் நடத்தி வந்தார்கள். மாநில உச்ச நீதிமன்றத்தில் கெடுவுக்குள் எழுத்து வாதம் தாக்கல் செய்தாக வேண்டிய நேரத்தில் அவர்களுடைய செயலாளர் உடம்புக்கு முடியாமல் படுத்துவிட்டார். தட்டச்சு செய்ய இரண்டு நாளைக்கு ஓர் ஆள் வேண்டும். எங்கே தேடியும் கிடைக்கவில்லை. முன்பு அவர்களிடம் வேலை பார்த்த ஒரு பெண்மணி வந்து கைகொடுத்ததால் வேலை முடிந்தது. நமக்கு வந்த முடை ஊரில் எத்தனை அலுவலகங்களுக்கு வருமோ என்ற யோசனையில் அதே வருடம் மில்வாக்கியிலும் சிகாகோவிலும் அலுவலகம் திறந்தார்கள்.

இந்த யோசனை அவர்களுக்கு மட்டும் வந்ததல்ல. டெட்ராய்ட்டில் வில்லியம் ரஸ்ஸல் கெல்லி 1946-லேயே ஆரம்பித்துவிட்டார். முதலில் அலுவலகங்களின் தட்டச்சு வேலையைத் தன் இடத்துக்கு வாங்கி முடித்துக் கொடுத்தார். பிறகு ஆளையே வாடிக்கையாளரின் இடத்துக்கு அனுப்பத் தொடங்கினார். கெல்லி சர்வீசஸ் அப்படி வளர்ந்தது. போருக்குப் பிந்தைய அமெரிக்காவில் காகித வேலை பெருகியது; போர்க்காலத்தில் வேலை பழகிய பெண்கள் லட்சக்கணக்கில் வீடு திரும்பியிருந்தார்கள். தேவையும் ஆளும் எதிரெதிரே நின்றன.

மில்வாக்கிக்காரர்கள் இருவரும் வக்கீல்கள் என்பதை நான் சாதாரண விஷயமாக நினைக்கவில்லை. வேலை தேடுவோரிடம் கட்டணம் வாங்கி வேலை பிடித்துக் கொடுக்கும் ஏஜென்சிகள் அதற்கு வெகுகாலம் முன்பே இருந்தன. அவற்றின் பெயர் கெட்டுப்போயிருந்தது. இல்லாத வேலைக்குப் பணம் பிடுங்குவது, மேஸ்திரியோடு கூட்டுச் சேர்ந்து ஆளைச் சேர்த்துவிட்டு நாலு நாளில் நீக்கி அடுத்த ஆளிடம் கட்டணம் வாங்குவது என்று புகார்கள் ஏராளம். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1933-ல் கொண்டுவந்த 34-ஆவது உடன்படிக்கை, கட்டணம் வாங்கும் ஏஜென்சிகளை ஒழிக்கவே எழுதப்பட்டது. அமெரிக்க மாநிலங்கள் பலவும் உரிமம், கட்டண உச்சவரம்பு என்று கடிவாளம் போட்டிருந்தன.

மேன்பவர் அந்தக் கடிவாளத்துக்கு வெளியே நின்றது. தற்காலிகப் பணியாளர் எங்கள் ஊழியர். நாங்கள்தான் வேலைக்கு எடுக்கிறோம், சம்பளம் போடுகிறோம், வரி பிடிக்கிறோம், சமூகப் பாதுகாப்புத் தொகையும் வேலையின்மைக் காப்பீடும் விபத்துக் காப்பீடும் கட்டுகிறோம். வாடிக்கையாளர் எங்களிடம் வாங்குவது ஒரு சேவை என்பது அதன் நிலை. தொழிலாளியிடம் ஒரு காசு வாங்குவதில்லை, ஆகவே நாங்கள் தரகர் அல்ல. இதைச் சட்டங்கள் ஏற்றுக்கொள்ள நாளானது. 1966-ல் இந்தத் துறையினர் ஒரு சங்கம் அமைத்தார்கள். மாநிலம் மாநிலமாகப் போய் ஏஜென்சிச் சட்டங்களிலிருந்து விலக்குக் கேட்டு வாங்கினார்கள்.

ஒரு சீட்டின் பயணம்

இந்தத் தொழில் எப்படி ஓடுகிறது என்று புரிய, கணினி வராத காலத்து நேரச் சீட்டு ஒன்றைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். தற்காலிகப் பணியாளர் திங்கள் முதல் வெள்ளி வரை வந்த நேரம், போன நேரம், சாப்பாட்டு இடைவேளை எல்லாம் அதில் எழுதுவார். வாரக் கடைசியில் வாடிக்கையாளர் அலுவலகத்தின் மேற்பார்வையாளர் கையெழுத்துப் போடுவார். அடியில் கார்பன் தாள். ஒரு பிரதி அங்கேயே நிற்கும், ஒன்று பணியாளரிடம், ஒன்று கிளைக்கு. அந்தக் கையெழுத்து விழுந்தவுடன் இரண்டு கடன்கள் பிறக்கின்றன. பணியாளருக்கு மேன்பவர் சம்பளம் தர வேண்டும். மேன்பவருக்கு வாடிக்கையாளர் பணம் தர வேண்டும்.

முதல் கடனுக்குத் தவணை ஒரு வாரம். இரண்டாவது வந்துசேர ஒன்றரை மாதம், சில சமயம் இரண்டு மாதம். இந்த இடைவெளியை நிறுவனம் தன் பணத்தால் நிரப்ப வேண்டும். வியாபாரம் வளர வளரக் குழியும் பெரிதாகும். நன்றாக வளர்ந்துகொண்டிருக்கும்போதே கையில் காசில்லாமல் திணறிய ஸ்டாஃபிங் நிறுவனங்கள், அதாவது ஆள் அனுப்பும் நிறுவனங்கள், உண்டென்றால் காரணம் இதுதான். மந்தம் வந்தாலோ தலைகீழ்: புதிய சம்பளச் செலவு குறையும், பழைய பாக்கி வசூலாகிக்கொண்டே இருக்கும், லாபம் சுருங்கினாலும் கல்லாவில் பணம் சேரும். இந்தத் தொழிலில் லாபநட்டக் கணக்கைவிட வசூல் நாட்களைக் கவனிப்பவர்தான் நிலைத்து நிற்கிறார்.

லாபம் எவ்வளவு மெல்லியது என்பதற்கு மேன்பவரின் பிற்காலக் கணக்கே சாட்சி. 2019-ல் வருவாய் 20.9 பில்லியன் டாலர், நிகர லாபம் 466 மில்லியன். வாடிக்கையாளர் தரும் 100 டாலரில் பணியாளரின் சம்பளம், அதன் மேலான வரி, காப்பீடு போன்ற நேரடிச் செலவுகள் போக நிறுவனத்துக்கு நிற்பது சுமார் 16. கிளை வாடகை, அங்கே உட்காருபவர்களின் சம்பளம், விளம்பரம், வட்டி, வரி எல்லாம் அந்தப் பதினாறுக்குள். கடைசியில் மிஞ்சுவது இரண்டேகால் டாலர் அளவு. விலையில் ஒரு டாலர் விட்டுக்கொடுத்தாலும் லாபத்தில் பெரும்பங்கு போய்விடும்.

வெள்ளைக் கையுறை

ஆரம்ப வருடங்களில் லாரியில் சரக்கு ஏற்றி இறக்க, கிடங்கில் வேலை செய்ய ஆண்களை அனுப்புவதும் அலுவலகங்களுக்குப் பெண்களை அனுப்புவதும் சேர்ந்தே நடந்தன. விளம்பரத்தில் நின்ற முகம் மட்டும் பெண்ணுடையது. 1960-களில் மேன்பவரின் தட்டச்சுப் பெண் வெள்ளைக் கையுறை அணிந்து விளம்பரப் படங்களில் வந்தார். சுத்தம், மரியாதை, நம்பகம் என்று வாடிக்கையாளருக்குச் சொல்வதற்காக அந்தக் கையுறை.

அந்த விளம்பரங்கள் சொல்லாமல் சொன்ன இன்னொன்று எனக்கு உறுத்துகிறது. இவர் குடும்பத்தைத் தாங்குபவர் அல்ல, கணவர் சம்பாதிக்கிறார், ஓய்வு நேரத்தில் கைச்செலவுக்கு வேலை பார்க்கிறார் என்ற சித்திரம் அது. அந்தச் சித்திரம் இருந்தவரை, ஓய்வூதியம் எங்கே, மருத்துவக் காப்பீடு எங்கே என்று யாரும் கேட்கவில்லை. தொழிற்சங்கங்களும் பெரிதாக எதிர்க்கவில்லை. குடும்பம் முழுவதையும் இந்த வேலையை நம்பி நடத்தியவர்கள் அப்போதும் இருந்திருப்பார்கள். படத்தில் அவர்களுக்கு இடமில்லை.

நகரம் நகரமாகப் பரவ மேன்பவர் ஃபிரான்சைஸ் முறையை, அதாவது தன் பெயரில் கிளை நடத்தும் உரிமையை உள்ளூர்க்காரருக்குக் கொடுக்கும் முறையைக் கையாண்டது. உள்ளூரில் யாருக்கு எந்த வேலை தெரியும், எந்தக் கம்பெனி பில்லை இழுத்தடிக்கும் என்பது உள்ளூர்க்காரருக்குத்தான் தெரியும். பெயரும் முறையும் மில்வாக்கியிலிருந்து போகும். 1962-ல் முதலாளிகளிடம், அடுத்த காலாண்டில் ஆள் எடுப்பீர்களா, குறைப்பீர்களா என்று கேட்டுத் தொகுக்கும் ஒரு கணிப்பைத் தொடங்கினார்கள். இன்றும் பல நாடுகளில் அது வெளிவருகிறது. ஒரு பைசா விளம்பரச் செலவில்லாமல் மேன்பவரின் பெயரைச் செய்திப் பக்கங்களில் நிறுத்தியதில் இதற்கு ஈடாக எதுவும் இல்லை.

பாரிஸில் கற்ற பாடம்

1950-களின் நடுவிலேயே மேன்பவர் ஐரோப்பாவுக்குப் போனது. லண்டன், பாரிஸ் முதல் இடங்கள். அங்கே நிலைமை வேறு. பல நாடுகளில் வேலைவாய்ப்பு ஏற்பாடு அரசின் தனி உரிமை. ஜெர்மனியில் ஸ்விட்சர்லாந்தைச் சேர்ந்த அடியா நிறுவனம் வழக்காடி, 1967-ல் அரசமைப்பு நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகே தற்காலிகப் பணிக்கு வழி பிறந்தது. ஜப்பானில் மேன்பவர் 1966-ல் நுழைந்தது. பணியாளர் அனுப்புதலுக்கென்று தனிச் சட்டம் அங்கே வந்தது 1985-ல். இத்தாலியில் 1997 வரை கதவு மூடியே இருந்தது.

பிரான்ஸைப் பற்றி மட்டும் நிறுத்திச் சொல்ல வேண்டும். 1968 மே மாத வேலைநிறுத்தங்கள் நாட்டையே உலுக்கி ஓய்ந்திருந்தன. அடுத்த வருடமே, 1969 அக்டோபரில், மேன்பவர் பிரான்ஸ் நிறுவனம் இடதுசாரித் தொழிற்சங்கமான சிஜிடியோடு ஓர் ஒப்பந்தம் போட்டது. தற்காலிகப் பணியாளரின் உரிமைகளை எழுத்தில் ஒப்புக்கொண்டது. துறையின் மற்ற முதலாளிகளுக்கு இது கசந்தது. ஆனால் 1972 ஜனவரியில் பிரான்ஸ் தற்காலிகப் பணிக்குச் சட்டம் இயற்றியபோது, அந்த ஒப்பந்தம் போட்டுவைத்த தடத்தில்தான் நடந்தது. இன்று அங்கே பணி முடியும்போது, நிலையில்லாத வேலைக்கு ஈடாக மொத்தச் சம்பளத்தில் 10 சதவீதம் தனியாகத் தர வேண்டும்.

கட்டுப்பாடு கடுமையாக இருந்தால் தொழில் படுத்துவிடும் என்று துறையில் அடிக்கடி சொல்வார்கள். மேன்பவரின் கணக்கு வேறு சொல்கிறது. பிற்காலத்தில் அதற்கு மிகப்பெரிய சந்தையாக நின்றது சொந்த நாடான அமெரிக்கா அல்ல, பிரான்ஸ். விதிகள் தெளிவாக இருந்ததால் பெரிய தொழிற்சாலைகளும் சங்கங்களும் தற்காலிகப் பணியை வேலைச் சந்தையின் ஒரு பகுதியாக ஏற்றுக்கொண்டன. விதியைப் பின்பற்றும் செலவைத் தாங்க முடியாத சிறு ஏஜென்சிகள் பின்தங்கின. முதலாளி நான்தான் என்று மில்வாக்கியில் சொன்னதை, அதன் முழுப் பொருளோடு சொல்லவைத்தது பிரான்ஸ்.

பேனாக் கம்பெனியின் கையில்

1976-ல் நிறுவனர்களின் காலம் முடிந்தது. அதே மாநிலத்தின் ஜேன்ஸ்வில் ஊரில் இருந்த பார்க்கர் பேனா நிறுவனம் 28 மில்லியன் டாலருக்கு மேன்பவரை வாங்கியது. மேன்பவருக்கு விளம்பர வேலை செய்துவந்த மிட்செல் ஃபிரோம்ஸ்டீன் தலைமைக்கு வந்தார். என் கணிப்பில் இந்த நிறுவனத்தின் உண்மையான இரண்டாம் நிறுவனர் அவர்.

அப்போது அலுவலக மேசைகளில் ஒரு மாற்றம் வந்துகொண்டிருந்தது. தட்டச்சுப் பொறி எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் விசைகள் ஒன்றுதான். ஒன்றில் பழகியவர் எதிலும் தட்டுவார். வாங், ஐபிஎம் போன்ற கம்பெனிகளின் சொல் செயலாக்கப் பொறிகள் வந்தபோது அது உடைந்தது. ஒன்றில் பத்தியை நகர்த்தும் வழி இன்னொன்றில் செல்லாது. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு வந்து உட்காரும் தற்காலிகப் பணியாளருக்கு அந்த மேசையில் உள்ள பொறி தெரியாவிட்டால், எட்டரைக்கே கிளைக்குத் தொலைபேசி வந்துவிடும்.

ஃபிரோம்ஸ்டீன் 1980-களின் தொடக்கத்தில் ஸ்கில்வேர் என்ற பயிற்சி முறையை உருவாக்கப் பெரும்பணம் செலவிட்டார். வகுப்பறை கிடையாது, வாத்தியார் கிடையாது. கிளையின் ஒரு மூலையில் உண்மையான பொறி. பணியாளர் தனியாக உட்கார்ந்து, திரையே சொல்லச் சொல்ல, ஒரு கடிதத்தைத் திறந்து திருத்தி, வரியை வெட்டி இடம் மாற்றி, அச்சிட்டு, தன் வேகத்தில் பழகிக்கொள்வார். தப்பு செய்தால் திரும்பச் செய்யலாம்; பார்த்துக்கொண்டு நிற்க யாரும் இல்லை. பல வருடம் வேலையை விட்டிருந்து ஐம்பது வயதில் திரும்ப வந்த ஒருவருக்கு அந்தத் தனிமை எவ்வளவு பெரிய உதவி என்பதை, புதுப் பொறி முன் கூச்சத்தோடு உட்கார்ந்த யாரும் உணர்வார்கள். கட்டணம் எதுவும் இல்லை.

நாளைக்கே வேறு ஏஜென்சிக்குப் போய்விடக்கூடிய ஆளுக்கு ஏன் செலவு செய்ய வேண்டும்? கணக்குப் பார்ப்பவர் கேட்கத்தான் செய்வார். அதற்குப் பதில் விலைப் பட்டியலில் இருந்தது. வெறும் ஆளை அனுப்புகிறவரோடு பேரம் பேசலாம். அந்தப் பொறி தெரிந்த ஆள் நாளைக் காலை வருவார் என்று உறுதி சொல்கிறவரோடு பேரம் பேசுவது கடினம். பொறியைச் செய்யும் கம்பெனிகளுக்கே மேன்பவர் வேண்டியதாயிற்று, ஏனென்றால் இயக்கத் தெரிந்த ஆள் இல்லாவிட்டால் பொறி விற்காது. தற்காலிக ஊழியரை நிஜ ஊழியராக மதித்துச் செலவிட்டபோதுதான் இந்த நிறுவனம் போட்டியாளர்களைத் தாண்டிப் போனது.

பேனா விற்பனை தேய, ஆள் அனுப்பும் பிரிவே தாய் நிறுவனத்தைத் தாங்கியது. 1986-ல் பேனாத் தொழில் பிரிட்டனில் இருந்த அதன் நிர்வாகிகளுக்கு விற்கப்பட்டது. மிஞ்சிய நிறுவனம் தன் பெயரை மேன்பவர் என்று மாற்றிக்கொண்டது.

புளூ ஏரோ

அடுத்த வருடமே இடி. பிரிட்டனைச் சேர்ந்த புளூ ஏரோ என்ற, மேன்பவரைவிட மிகச் சிறிய ஸ்டாஃபிங் நிறுவனம் 1.3 பில்லியன் டாலருக்கு அதை விலைக்குக் கேட்டது. 1987-ல் வாங்கியும் விட்டது. பணத்துக்காக அது வெளியிட்ட உரிமைப் பங்குகளின் (இருக்கும் பங்குதாரர்களுக்கே முதலில் விற்கும் புதுப் பங்குகள்) மதிப்பு 837 மில்லியன் பவுண்டு, பிரிட்டனில் அதுவரை காணாத தொகை. பங்குதாரர்கள் அதில் பாதியைக்கூட எடுக்கவில்லை. வெளியீட்டை நடத்திய நாட்வெஸ்ட் வங்கியின் முதலீட்டுப் பிரிவு, விற்காத பங்குகளில் ஒரு பகுதியைத் தன்னிடமே வைத்துக்கொண்டு வெளியே சொல்லாமல் இருந்தது. அக்டோபரில் உலகப் பங்குச்சந்தைகள் சரிந்தபோது விஷயம் நாற்றமெடுத்தது. அரசு விசாரணை, வங்கித் தலைவரின் பதவி விலகல், நீண்ட வழக்கு எல்லாம் தொடர்ந்தன. 1992-ல் தண்டிக்கப்பட்ட நால்வரின் தண்டனையும் அதே ஆண்டு மேல்முறையீட்டில் ரத்தானது.

எனக்கு முக்கியமாகப் படுவது நிறுவனத்துக்குள் நடந்தது. 1988 டிசம்பரில் புளூ ஏரோ தலைவர் டோனி பெர்ரி, ஃபிரோம்ஸ்டீனை வெளியேற்றினார். மேன்பவரின் ஃபிரான்சைஸ் உரிமையாளர்கள் கொதித்தார்கள். இதற்கிடையில் புளூ ஏரோ கொடுத்திருந்த 25 மில்லியன் பவுண்டு கடன் ஒன்று வெளிச்சத்துக்கு வந்து, பெர்ரியின் நிலை ஆட்டம் கண்டது. அடுத்த மாதமே பெர்ரி விலக, ஃபிரோம்ஸ்டீன் முழு நிறுவனத்துக்கும் தலைவராகத் திரும்பினார். பல துணை நிறுவனங்களை விற்றார். 1990-ல் புளூ ஏரோ என்ற பெயரையே எடுத்துவிட்டு மேன்பவர் என்று வைத்தார். தலைமையகத்தை மில்வாக்கிக்குக் கொண்டுவந்தார். விழுங்கிய மீனின் வயிற்றைக் கிழித்துக்கொண்டு விழுங்கப்பட்ட மீன் வெளியே வந்தது.

இயந்திரமும் கட்டடமும் உள்ள நிறுவனத்தை வாங்கினால், தலைவரை மாற்றினாலும் சொத்து நிற்கும். இங்கே சொத்து என்பது கிளைக்காரருக்கும் உள்ளூர்க் கம்பெனிகளுக்கும் பணியாளர்களுக்கும் நடுவில் உள்ள பழக்கம். அதைப் பத்திரம் எழுதி வாங்க முடியாது. 1.3 பில்லியன் கொடுத்தவர்களுக்கு இது புரிந்திருந்ததாகத் தெரியவில்லை.

மந்தத்தில் முதல் அடி

ஃபிரோம்ஸ்டீன் 1999-ல் ஓய்வு பெற, முன்பு ஐபிஎம்மில் வேலை பார்த்த ஜெஃப்ரி ஜோரெஸ் பொறுப்பேற்றார். அவர் முன் இருந்தது பழைய பிரச்சினை: மந்தம் வந்தால் முதலில் வீட்டுக்கு அனுப்பப்படுவது தற்காலிகப் பணியாளர். 2004-ல் ரைட் மேனேஜ்மென்ட் நிறுவனத்தை வாங்கியதை இந்தக் கோணத்தில் பார்க்க வேண்டும். வேலை இழந்தவர்களுக்கு அடுத்த வேலைக்கு வழிகாட்டும் தொழில் அதனுடையது; ஆட்குறைப்பு கூடினால் அதன் வருவாய் கூடும். 2009 நெருக்கடியில் அப்படியே நடந்தது. ஆனால் குடை சிறியது, மழை பெரிது. மேன்பவரின் வருவாய் ஒரே வருடத்தில் 21.5 பில்லியன் டாலரிலிருந்து 16 பில்லியனுக்கு விழுந்து, நஷ்டத்தில் முடிந்தது. அந்த வருட அக்டோபரில்தான் எல்மர் வின்டர் 97 வயதில் காலமானார். 2010-ல் காம்சிஸ் என்ற தகவல்தொழில்நுட்பப் பணியாளர் நிறுவனத்தை வாங்கி, கூடுதல் மார்ஜின் தரும் திறன்வேலைகள் பக்கம் திரும்பி, 2011-ல் மேன்பவர்குரூப் என்று பெயர் மாற்றிக்கொண்டார்கள்.

அந்த வருவாய்ச் சரிவு நிறுவனத்துக்கு ஒரு மோசமான ஆண்டறிக்கை. வேலையிலிருந்தவருக்கு, வெள்ளிக்கிழமை சீட்டில் கையெழுத்து வாங்கும்போது, திங்கள் வர வேண்டாம் என்று கேட்பது. அவரை யாரும் வேலைநீக்கம் செய்வதில்லை; பணி முடிந்தது, அவ்வளவுதான். நோட்டீஸ் கொடுக்க வேண்டியவர் யார் என்ற கேள்வியே எழாது. முதலாளி இரண்டாகப் பிரிந்திருப்பதன் முழு எடையும் அந்த நிமிடம் பணியாளர் தலையில் இறங்குகிறது. பயிற்சியில் அவ்வளவு அக்கறை காட்டிய நிறுவனம் இந்த இடத்தில் மற்றவர்களைப் போலத்தான் இருந்தது என்பதைச் சொல்லாமல் இந்த ஆய்வை முடிக்க எனக்கு மனமில்லை.

சட்டங்கள் இந்த இடைவெளியை மெதுவாகத் தொட்டுவருகின்றன. அமெரிக்காவில், வருடக்கணக்காக ஒரே மேசையில் உட்கார்ந்தும் தற்காலிகம் என்றே எழுதப்பட்ட பணியாளர்கள் மைக்ரோசாஃப்ட் மீது தொடுத்த வழக்கு 2000-ல் 97 மில்லியன் டாலர் சமரசத்தில் முடிந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2008-ல், அதே வேலைக்கு நேரடியாக எடுத்திருந்தால் என்ன அடிப்படை நிபந்தனைகளோ அவையே ஏஜென்சிப் பணியாளருக்கும் என்று நெறிமுறை வகுத்தது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 1997-ல் தன் பழைய நிலையை மாற்றிக்கொண்டு, 181-ஆவது உடன்படிக்கையில் தனியார் ஏஜென்சிகளை ஏற்றது. அதன் 7-ஆவது பிரிவு தொழிலாளியிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்கிறது. 12-ஆவது பிரிவு, கூட்டுப் பேரம், குறைந்தபட்சக் கூலி, வேலை நேரம், சமூகப் பாதுகாப்பு, பயிற்சி, பணியிடப் பாதுகாப்பு, விபத்து இழப்பீடு, மகப்பேறு என்று ஒவ்வொன்றாக எடுத்து, இதில் அனுப்புகிறவர் பொறுப்பு எது, வேலை வாங்குகிறவர் பொறுப்பு எது என்று ஒவ்வொரு நாடும் பிரித்து எழுத வேண்டும் என்கிறது. மேன்பவர் பிறந்த அமெரிக்கா அந்த உடன்படிக்கையில் இன்னும் சேரவில்லை.